ஆறு மாதத் தலைமை

கேள்வி: 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சைப்ரஸ் தலைமை, ஜூலையில் அயர்லாந்து என்று செய்தியில் படித்தேன். அவ்வளவு சின்ன நாடு ஜெர்மனியையும் பிரான்ஸையும் எப்படிக் கட்டி மேய்க்கும்? தன் முறையை வேண்டாம் என்று சொன்ன நாடு உண்டா?
- ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: மேய்க்கவெல்லாம் முடியாது ஐயா. சைப்ரஸ் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியில் 2021 கணக்குப்படி 9 லட்சத்துச் சொச்சம் பேர். உங்கள் திருவாரூர் மாவட்டத்திலேயே 2011-இல் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது!

கைமாறுவது அமைச்சர்கள் மன்றத்தின் தலைமை மட்டும்தான். நம் கோயில்களில் மண்டகப்படி நடக்கிறதே, அதைப் போல. அன்றைய உபயதாரர் செலவை ஏற்று, நாதஸ்வரம் வைத்து, முதல் மரியாதை வாங்கிக்கொள்வார். அதற்காகக் கோயில் சாவி அவர் கைக்கு வராது.

வேளாண்மை, மீன்வளம், போக்குவரத்து என்று துறைவாரியாக அமைச்சர்கள் கூடும்போது, முறைக்கார நாட்டின் அமைச்சர் தலைமை வகிப்பார். வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளர் காயா கலாஸ். அதிபர்களும் பிரதமர்களும் கூடும் சபைக்குத் தனித் தலைவர் உண்டு, இப்போது அந்தோனியோ கோஸ்டா. 2009-இல் லிஸ்பன் ஒப்பந்தம் வரும்வரை அந்தப் பதவியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாறியது.

தலைமை நாடு என்பதற்காகக் கூடுதல் ஓட்டு கிடையாது. பெரும்பாலான தீர்மானங்களுக்கு 27-இல் 15 நாடுகளும், மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதமும் வேண்டும். ஆனால் எந்த விவகாரத்தை முதலில் எடுப்பது, எதை ஆறப்போடுவது, சமரச வாசகத்தை எப்படி எழுதுவது என்பதெல்லாம் தலைமையின் கையில். என் கணக்கில் அது சின்ன அதிகாரம் இல்லை. ஆறப்போட்டே ஒரு விஷயத்தை ஒழித்துவிடலாம், நம் ஊர்க் கூட்டங்களில் பார்க்காததா?

எல்லை மீறினால்? 2024 ஜூலையில் ஹங்கேரியின் முறை. தொடங்கிய சில நாளிலேயே பிரதமர் ஓர்பான் மாஸ்கோ போய்ப் புதினைச் சந்தித்தார். ஒன்றியம் அவரை அனுப்பவில்லை. பதவியை யாரும் பறிக்கவில்லை. ஹங்கேரி கூட்டிய கூட்டங்களுக்குப் பல நாடுகள் அமைச்சரை அனுப்பாமல் அதிகாரிகளை அனுப்பின. வீட்டு விசேஷத்துக்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவார்களே, அந்தக் கோபம்தான்.

வேண்டாம் என்று சொன்னது பிரிட்டன். 2017 ஜூலையில் அதன் முறை. முந்தைய ஆண்டு வாக்கெடுப்பில் வெளியேற முடிவானதும் விட்டுக்கொடுத்தது. அந்த இடத்துக்கு எஸ்டோனியா ஆறு மாதம் முன்னதாகவே வந்தது. பின்னால் இருந்த நாடுகளும் ஒரு படி முன்னே நகர்ந்தன.