சிறு கடைக்குக் குறுஞ்செய்தி விளம்பரம் பயன் தருமா?

எல்லாரிடமும் புலனம் (வாட்ஸ்அப்) இருக்கும்போது, சிறு கடைக்காரர் குறுஞ்செய்திக்குப் பணம் செலவழிப்பது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் புடவை விற்பனையும் ரவிக்கைத் தையலுமாகப் பல ஆண்டுகளாகக் கடை நடத்தி வருகிறேன். கைப்பேசி எண்ணை வாடிக்கையாளரே விரும்பிக் கொடுத்து, அவருக்குத் தேவைப்படும் நாளில் செய்தி போனால் அது வீணாகாது. அப்படி இல்லாவிட்டால் கடையின் பெயர்தான் கெடும்.

என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வருபவர்கள். பலர் இன்னும் பொத்தான் கைப்பேசிதான் வைத்திருக்கிறார்கள். திறன்பேசி வைத்திருப்பவர்களும் செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டால் இணையம் கிடைப்பதில்லை. குறுஞ்செய்திக்கு இணையம் வேண்டாம். கைப்பேசி அணைந்திருந்தாலும் தொலைபேசி நிறுவனம் செய்தியைத் தன்னிடம் வைத்திருந்து, அலை திரும்பக் கிடைத்ததும் கொண்டு சேர்த்துவிடும்.

ஒரு தீபாவளிக்கு நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் விற்ற கைப்பேசி எண் பட்டியலை வாங்கி, முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் தள்ளுபடிச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையில் வந்த முதல் அழைப்பே, "ஏம்மா, என் நம்பரை யார் உனக்குக் கொடுத்தது?" என்று கேட்ட ஒரு முதியவருடையது. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றே அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்தேன். அதில் பெயர், எண், எந்த மொழியில் செய்தி வேண்டும் என்பதை வாடிக்கையாளரே எழுதி, கையெழுத்தும் போடுவார். வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் கண்ணெதிரிலேயே சிவப்பு மையால் அடித்துவிடுவேன். இது மரியாதைக்காக மட்டும் செய்வதன்று. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விளம்பரத்துக்குத் தம் விவரத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

மொத்தமாக அனுப்பும் செய்தியில் இணையப் பக்கத்துக்கான இணைப்பு (லிங்க்) எதையும் சேர்க்காதீர்கள். மோசடிகள் பெருகியதால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதைத் தடை செய்திருக்கிறது.

தமிழில் எழுதுவதானால் செலவைக் கணக்குப் பார்த்து எழுத வேண்டும். ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம் பெறும். தமிழிலோ 70 மட்டுமே. அதிலும் கொம்பு, கால், புள்ளி ஆகியவை தனித்தனியே எண்ணப்படுகின்றன. 'தீபாவளி' நமக்கு நான்கு எழுத்து, கைப்பேசிக்கு ஏழு குறி. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். எப்படியிருந்தாலும், தமிழ்ப்பள்ளியில் படித்த என் வாடிக்கையாளர்கள் தமிழில் வரும் செய்தியையே நின்று படிக்கிறார்கள் என்பதால், சொற்களைச் சுருக்குவேனே தவிர மொழியை மாற்ற மாட்டேன்.

நாளும் முக்கியம். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. ஆகவே எட்டாம் தேதி மாலை, வேலை முடிந்து குளித்துச் சாப்பிடும் நேரத்துக்கு முன்பாக அனுப்புவேன். மாதக் கடைசியில் அனுப்பினால், கையில் காசில்லாதவரிடம் புடவையைக் காட்டி ஏங்க வைப்பது போலாகிவிடும்.

ஆனால் தள்ளுபடிச் செய்திகளைவிட எனக்கு அதிக வியாபாரம் கொடுத்தது, என் கைப்பேசியிலிருந்தே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் இந்த வரிதான்: "அக்கா, உங்கள் ரவிக்கை தயார். இரவு 8 வரை கடை திறந்திருக்கும்." எழுபது குறிக்குள் அடங்கிவிடுகிறது. ரவிக்கையை வாங்க வருகிறவர் பெரும்பாலும் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டுதான் வருகிறார். அவர்களுக்கும் அங்கேயே அளவெடுத்துவிடுகிறேன்.