சோதனைத் தட்டில் புழு இறந்தால் மருந்தாகிவிடுமா?

கேள்வி: கரிசல் காட்டில் வெள்ளாடு வளர்க்கிறோம். ஆட்டுக்கு வயிற்றில் பூச்சி இருந்தால் என் அப்பத்தா ஆடுதீண்டாப்பாளை இலையை இடித்துச் சாறு புகட்டுவார். மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள், அதே இலையின் சாரத்தில் போட்ட ஆட்டுக் குடற்புழுக்கள் சில மணி நேரத்தில் இறந்ததாகச் சொல்கிறாள். இனி வீட்டுப் பிள்ளைகளுக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம் அல்லவா?
– வாசகர், கள்ளிக்குடி

பதில்: பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரைகளில் இதே பேரினத்துச் சீனச் செடியொன்று தவறுதலாகக் கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கேடு மாதங்களோ ஆண்டுகளோ கழித்தே வெளிப்படும் என்பதால், 'எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்ற அனுபவம் இங்கே சான்றாகாது. பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரை இருக்கிறது.

உங்கள் மகள் கண்டது உண்மைதான். ஆனால் ஆட்டின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த புழு உடலுக்கு வெளியே தானாகவே சோர்ந்து சாகும் என்பதால், வெறும் உப்புநீரில் போட்ட புழுக்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தன, அல்பெண்டசோலில் போட்டவை எப்போது அடங்கின என்பவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இலைச் சாரத்தின் பங்கு தெரியும். அளவையும் கேளுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் சாரம் என்றால் லிட்டருக்கு 50 கிராம்; பல லிட்டர் நீரும் தீனியும் நிறைந்த ஆட்டு வயிற்றில் அந்தச் செறிவை எட்டுவது நடக்காத காரியம். அவ்வளவு அடர்த்தியில் சவர்க்காரக் கரைசலும் புழுவைக் கொல்லும். புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆட்டின் உயிரணுக்களைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே எத்தனை மடங்கு இடைவெளி இருக்கிறது என்பதே மருந்தா நஞ்சா என்பதைத் தீர்மானிக்கிறது. என் பார்வையில், மூலிகை ஆய்வுகள் பலவும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

அதன்பின் ஆட்டிலேயே சோதிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் முன்பும், கொடுத்த பத்துப் பதினான்கு நாள் கழித்தும், ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டைகள் உள்ளன என்று நுண்ணோக்கியில் எண்ணி, மருந்து கொடுக்காத ஆடுகளோடு ஒப்பிடுவார்கள். உங்கள் ஆடுகளின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

இதனால் அப்பத்தாவின் அறிவு வீண் என்று ஆகாது. மலேரியாவும் ஓர் ஒட்டுண்ணி நோய்தான். சீன மருந்து ஆய்வாளர் டூ யூயூ, காய்ச்சலுக்கான பழைய மருத்துவக் குறிப்பொன்றில் மூலிகையைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாரம் இறக்கினார். 1972இல் மலேரியா மருந்தான ஆர்டெமிசினின் பிரிந்து கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. ஆகவே அப்பத்தா இடித்தாரா, காய்ச்சினாரா, எந்தப் பருவத்து இலையைப் பறித்தார், எவ்வளவு புகட்டினார் என்பதையெல்லாம் மகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்கான மூலிகையை மதுரைக் கீழமாசி வீதியில் உள்ள நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கிக் கொள்ளலாமா?
– மாணவி, மேலூர்

பதில்: வேண்டாம். பொடியில் எந்தச் செடி இருக்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை உறுதி செய்வது கடினம். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு செடிகளும் வழங்குகின்றன. பூவோடோ காயோடோ செடியை நீங்களே பறித்து, இடமும் தேதியும் குறித்து, தாளில் அழுத்தி உலர்த்தித் தாவரவியல் துறையில் அடையாளம் காணச் செய்து, அந்த மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் எண்ணிட்டு ஒப்படையுங்கள். பின்னர் இன்னொருவர் உங்கள் முடிவைச் சரிபார்க்க விரும்பினால் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.