கப்பல் எங்கே போனது?

கேள்வி: ஆங்கிலேயர் உலக வல்லரசானது கிளைவின் வீரத்தாலும் நம்மவர்களின் ஒற்றுமைக் குறைவாலும்தானே? டூப்ளேயைத் திருப்பி அழைக்காமல் இருந்திருந்தால் கடலூரிலும் பிரெஞ்சு பேசியிருப்போமே!
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: பிரெஞ்சு பேச ஆசையென்றால் புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள், ஒரு மணி நேரம்தான். கிளைவுக்கு மாலை போட்டது போதும்.

புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே 1754-ல் ஊர் திரும்பிய பிறகும் பிரெஞ்சுக்காரர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1758 ஜூனில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி உங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையையே பிடித்து இடித்துத் தள்ளினார். ஆளும் பீரங்கியும் இருந்தன. காலை வாரியது கப்பலும் காசும்.

ஐப்பசி பிறந்தால் இந்தக் கரையில் பாய்மரக் கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் திறந்த கடலில்தான் நங்கூரம்; ஆளும் சரக்கும் அலை தாண்டும் மசூலாப் படகில் கரையேற வேண்டும். போதாததற்கு, மரக்கலத்தின் அடிப்பலகையைக் கடல்புழு துளைக்கும், பாசி படிந்து வேகம் குறையும். அவ்வப்போது அடியைச் சுரண்டிப் பலகை மாற்றியே ஆகவேண்டும். நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக், ஆங்கிலேயருக்கு பம்பாயில் 1750-லேயே அமைந்துவிட்டது. பிரெஞ்சுக் கப்பல்களுக்கு மொரிசியஸ்தான் கதி. அங்கே ஒரு கடற்படைக்குப் போதுமான தானியம் விளையாது. நன்னம்பிக்கை முனைக்குக் கப்பல் அனுப்பி உணவு வாங்கினார்கள். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷே 1759 செப்டம்பரில் ஆங்கிலேயரோடு சண்டை போட்டு, கொஞ்சம் பணமும் ஆட்களும் இறக்கிவிட்டு மொரிசியஸ் போனவர், இந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டவில்லை.

காசுக்கு வருவோம். இங்கிலாந்து வங்கி 1694-ல் பிறந்ததே அரசுக்கு 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கத்தான். வட்டிக்கு நாடாளுமன்றம் விதித்த வரி பிணை. அதனால் போர் நீண்டாலும் கடன் கிடைத்தது. பிரெஞ்சு மன்னருக்கு அப்படியொரு வங்கி இல்லை. 1757 பிளாசிக்குப் பிறகு வங்காளப் பணமும் சென்னைக்கு வந்தது. லாலியின் ஐரோப்பிய சிப்பாய்களோ சம்பளப் பாக்கிக்காக 1759-ல் கலகமே செய்தார்கள். அதே ஆண்டு கனடாவில் பிரெஞ்சுக்காரர்களின் கியூபெக் ஆங்கிலேயரிடம் விழுந்ததற்கும் இந்தக் கணக்கில் பெரும் பங்குண்டு.

ஒற்றுமைக் குறைவா? நவாபுகளின் சண்டையில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என இரண்டு வணிகக் கம்பெனியும்தானே குளிர்காய்ந்தன!

1761 ஜனவரி 1 அன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைப் புயல் நொறுக்கியது. பல மூழ்கின. அந்த இடைவெளியில் அரிசி கொண்டுவந்து இறக்க ஒரு பிரெஞ்சுக் கப்பல்கூட அக்கம்பக்கத்தில் இல்லை. ஆங்கிலேயர் மிச்சக் கப்பல்களைத் திரட்டிச் சில நாட்களிலேயே கடலை மறுபடி அடைத்தார்கள். ஜனவரி நடுவில், பட்டினி தாங்காமல் லாலி சரணடைந்தார்.