ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி சில நேரம் மட்டும் பூட் ஆகாமல் (இயங்கத் தொடங்காமல்) நிற்பது ஏன்?

அதே போர்டு, அதே எஸ்டி கார்டு. காலையில் ஓடுகிறது, மாலையில் நின்றுவிடுகிறது. இப்படி விட்டு விட்டு வரும் கோளாறில் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தைத்தான்.

ராஸ்பெரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பூட் ஆகும்போது பிராசஸரும் யூஎஸ்பியில் செருகியவையும் சேர்ந்து கரண்ட் இழுக்கும். மெல்லிய கேபிள் என்றால் வோல்டேஜ் சரியும். மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குகிறதே, அதுபோல. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டில் உள்ள சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும்.

யூஎஸ்பியில் ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, குட்டையான தடித்த கேபிளில் போட்டுப் பாருங்கள். அப்புறமும் நின்றால் கார்டை மாற்றிப் பார்க்கலாம்.

'என்னிடம் 33 வாட் போன் சார்ஜர் இருக்கிறதே' என்பார்கள். அந்த வாட் உயர்ந்த வோல்டேஜில் கிடைப்பது. 5 வோல்ட்டில் பல சார்ஜர்கள் 2 ஆம்பியர்தான் தரும்.