குவில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஓரத்துக்கு பைண்டிங் வைக்க எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? மூலை எனக்கு ஒழுங்காக வரவே மாட்டேன் என்கிறதே?

எனக்கும் வரவில்லை, ரொம்ப நாளைக்கு. காரணம் கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒரு குவில்ட்டுக்கு மூலை நாலு, பைண்டிங்காக ஓரத்தைச் சுற்றித் தைக்கும் துணிப்பட்டியின் இரு முனைகளையும் சேர்க்கும் இடம் ஒன்றே ஒன்று. துண்டு இணைத்து, பஞ்சு வைத்து, மேல்தையல் எல்லாம் முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. அடுத்த குவில்ட்டின் மூலைக்கு வரும்போது போன தடவை எந்தப் பக்கம் மடித்தோம் என்பதே மறந்திருக்கும். நாலு மூலை தைத்தால் கை பழகுமா?

அதனால் குவில்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத் துணியில் இரண்டு அடுக்குக்கு நடுவே பஞ்சு வைத்து, பக்கத்துக்கு 24 அங்குலம் இருக்கும் மாதிரிச் சதுரங்கள் மூன்று நான்கு செய்துகொள்ளுங்கள். நான் முதலில் கஞ்சத்தனமாக 8 அங்குலத்தில் வெட்டினேன். மூலைகள் வந்தன, ஆனால் முனைகளைச் சேர்க்க இடமே இல்லாமல் எல்லாம் மெஷின் ஃபுட்டுக்கு அடியில் சுருண்டுகொண்டது.

பட்டியை இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டுகிறேன். கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் பீஸ், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டி, வைத்துப் பழகியவர்கள் இதற்கும் கிராஸாகத்தான் வெட்ட வேண்டும் என்று நினைப்பார்கள், நேர் ஓரம் உள்ள குவில்ட்டுக்கு அது தேவையே இல்லை, நேராக வெட்டிய துணி போதும். ஓரம் வளைவாக இருந்தால்தான் கிராஸ். பட்டிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தையல் மட்டும் சாய்வாகப் போகட்டும், நேராகச் சேர்த்தால் மடிப்பு முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து அங்கே ஒரு கட்டி தட்டும். எவ்வளவு நீளம் வேண்டும் என்றால், நாலு பக்கத்தையும் கூட்டி மேலே 12 அங்குலம். 60க்கு 80 அங்குலக் குவில்ட் என்றால் சுற்றளவு 280, ஆக 292. ஒரு பட்டி 40 அங்குலம் தேறினால் எட்டுப் பட்டி. நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டுவிடுங்கள், நல்ல பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

தையலை மூலையில் தொடங்கக் கூடாது. ஒரு பக்கத்தின் நடுவில், 8 அங்குல வாலைச் சும்மா தொங்கவிட்டு, குவில்ட்டின் முன்பக்கத்தில் அதன் பிசிறு ஓரமும் பட்டியின் பிசிறு ஓரமும் சேர வைத்து, கால் அங்குலம் உள்ளே தையுங்கள். பட்டியை இழுக்காதீர்கள். என் முதல் குவில்ட்டில் இழுத்து இழுத்துத் தைத்தேன், கீழே விரித்தால் ஓரம் அப்பளம் மாதிரி அலை அலையாக நின்றது. அதற்கு அப்புறம் எந்த இஸ்திரியும் உதவாது.

சரி, மூலை. ஓரம் முடிய கால் அங்குலம் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். அந்த இடத்தில் முன்கூட்டியே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்மதிப்பை நம்பாதீர்கள், நான் நம்பிக் கெட்டேன். புள்ளியில் இரண்டு தையல் ரிவர்ஸ் போட்டு, நூலை வெட்டி, குவில்ட்டை வெளியே எடுத்துத் திருப்புங்கள். இப்போது பட்டியை மேல் நோக்கி மடக்க வேண்டும், அடுத்து தைக்கப்போகும் ஓரத்தின் நேர்கோட்டிலேயே அது மேலே நீண்டு நிற்கும், அடியில் முக்கோணமாக ஒரு சாய்வு மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால் பிடித்தபடி பட்டியை அப்படியே கீழே இறக்குங்கள். மேலே உண்டாகும் மடிப்பு, இப்போது தைத்து முடித்த ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஒரு குண்டூசி. பிறகு மேல் ஓரத்திலிருந்தே தையலைத் தொடங்கலாம். பின்பக்கம் புரட்டினால் மூலை தானாகச் சாய்வாக மடிந்து கூராக நிற்கும். நிற்கவில்லையா, முக்கால்வாசி தவறு அந்தப் புள்ளியில்தான் இருக்கும். புள்ளியைத் தாண்டித் தைத்திருந்தால் மடிப்பு தையலில் மாட்டிக்கொண்டு மூலை மழுங்கும், முன்னாலேயே நின்றுவிட்டால் தொளதொளவென்று ஓட்டை விழும். இரண்டே தையல் பிரித்தால் சரியாகிவிடும், முழுப் பக்கத்தையும் பிரிக்க வேண்டாம்.

கடைசியில் முனைகள். தொடங்கிய இடத்துக்கு 10 அங்குலம் முன்னாலேயே நிறுத்துங்கள். இரண்டு வாலும் ஒன்றின் மேல் ஒன்று பட்டியின் அகலம் அளவுக்கு, அதாவது சரியாக இரண்டரை அங்குலம் ஏறும்படி விட்டு, மிச்சத்தை வெட்டுங்கள். மடிப்பைப் பிரித்து, நல்ல பக்கங்கள் முகம் பார்க்க, ஒன்றை மற்றதன் மேல் குறுக்காக வைத்து மூலைக்கு மூலை தைக்க வேண்டும். படிக்கும்போது லேசாகத்தான் இருக்கும். நான் மூன்று தடவை பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிச் சேர்த்திருக்கிறேன், அதில் ஒரு தடவை தையலுக்கு வெளியே மிஞ்சிய துணியை வெட்டித் தள்ளிய பிறகுதான் கவனித்தேன், அன்றைக்கு மெஷினை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். இப்போதெல்லாம் குண்டூசி குத்திப் பட்டியை ஓரத்தில் படுக்கவைத்துப் பார்க்காமல் தைப்பதில்லை, தைத்த பிறகும் ஒருமுறை பார்க்காமல் கத்தரியைத் தொடுவதில்லை. வேலை நடக்கும்போது குவில்ட்டை நடுவில் கொஞ்சம் மடித்துக் கிளிப் போட்டால் கைக்கு இடம் கிடைக்கும்.

பின்பக்கத்தை மெஷினிலும் முடிக்கலாம், நான் கையால் ஹெம்மிங் செய்கிறேன். பட்டியின் மடிப்பு மெஷின் தையல் கோட்டை மறைக்க வேண்டும், நூல் பட்டியின் நிறத்தில் இருக்கட்டும். ஊசி மடிப்புக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓடி வெளியே வந்து, பின்துணியையும் பஞ்சையும் மட்டும் ஒரு சின்னக் கடி கடித்துவிட்டுத் திரும்ப மடிப்புக்குள் போக வேண்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. ஒரு முழத்துக்கு மேல் நூல் கோர்க்காதீர்கள், முடிச்சு விழுந்து உயிரை எடுக்கும். மூலைக்கு வந்ததும் முன்பக்க மடிப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பின்பக்க மடிப்பை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டு அங்கே இரண்டு தையல் கூடுதலாகப் போடுங்கள், தடிமன் ஒரே பக்கம் சேராது.

என் முதல் மாதிரிச் சதுரம் இன்னும் இருக்கிறது. மூன்று மூலை மொக்கை, ஒன்று மட்டும் கூர். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் விரித்துக்கொள்கிறேன்.