பதினைந்தாயிரத்தில் ஒரு யூனிக்ஸ் பெட்டி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம். உங்கள் கட்டுரைகளைப் படித்து, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, யூனிக்ஸ் வழிவந்த இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபி.எஸ்.டி.யைக் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். தங்கையின் ஆன்லைன் வகுப்பும் அதில்தான் ஓடுகிறது, அதனால் அதில் கை வைக்கப் பயம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. பழைய மேக்புக் வாங்கு, அதுவே யூனிக்ஸ்தான் என்கிறார் நண்பர். ரிச்சி தெருவில் விசாரித்தால் ஐ7, தனி கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இருக்கிற லேப்டாப்புக்குள்ளேயே ஒரு சாஃப்ட்வேர் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினே போதும் என்கிறார் அண்ணன். எதை வாங்கட்டும்?

ச., தாம்பரம்

அன்புள்ள ச.,

தங்கையின் லேப்டாப்பை விட்டுவைத்தீர்களே, வீட்டில் சண்டை மிச்சம். யூனிக்ஸ் கற்பதில் பாதி வேலை கெடுத்துப் பார்ப்பதுதான். டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பார்ட்டிஷனை அழித்துவிட்டு முழிக்க வேண்டும், பூட் ஆகாமல் நிற்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி இருந்தால்தான் கை கூசாது. அண்ணன் சொல்வதும் தப்பில்லை, கட்டளைகளைப் பழக விர்ச்சுவல் மெஷின் போதும். ஆனால் அங்கே வைஃபை கார்டு இல்லை, பேட்டரி இல்லை, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்காமல் அடம்பிடிக்கும் திரை இல்லை. இவற்றோடு மல்லுக்கட்டும்போதுதான் சிஸ்டத்தின் மையமான கெர்னல் என்ன செய்கிறது என்பது மண்டையில் ஏறும்.

பழைய பெட்டி என்று தயங்க வேண்டாம். யூனிக்ஸ் பிறந்ததே அப்படி ஓரமாகக் கிடந்த ஒன்றில்தான். 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் அதிகம் யாரும் தொடாமல் இருந்த ஒரு பி.டி.பி.-7 கணினியில்தான் கென் தாம்சன் அதன் முதல் வடிவத்தை எழுதினார்.

இப்போது உங்களுக்கு நல்ல நேரமும்கூட. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். ஆறு, ஏழாம் தலைமுறை ஆபீஸ் லேப்டாப்புகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஃப்ரீபி.எஸ்.டி.க்கோ இவை தாராளம். நீங்கள் தேட வேண்டியதும் இவற்றைத்தான்.

ஐ7 என்றதும் மயங்காதீர்கள். கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6300யூ என்றால் ஆறாம் தலைமுறை, ஐ7-2640எம் என்றால் இரண்டாம் தலைமுறை. கடைக்காரர் பெருமையாகக் காட்டும் ஐ7 பலசமயம் இந்த இரண்டாவது ரகமாக இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு உங்களுக்குச் சுமை. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸே போதும், தலைவலியும் குறைவு. என்விடியா இருந்தால் ஃப்ரீபி.எஸ்.டி.யில் தனி டிரைவரைத் தேடிப் போட வேண்டும், பின்னால் இதன் உறவுக்கார சிஸ்டமான ஓப்பன்பி.எஸ்.டி. பக்கம் போனால் அதுவும் கிடையாது. இன்னும் மலிவாக, பழைய 32 பிட் பிராசஸர் உள்ள பெட்டி கிடைக்கிறதே என்று அதில் இறங்கிவிடவும் வேண்டாம். ஃப்ரீபி.எஸ்.டி. 15, லினக்ஸ் வகையான டெபியன் 13 இரண்டுமே அதைக் கைவிட்டுவிட்டன.

மேக்? உங்கள் நண்பர் சொல்வது சட்டப்படி சரி. யூனிக்ஸ் என்ற முத்திரையை முறைப்படி வாங்கிய சிஸ்டம் அது, ஃப்ரீபி.எஸ்.டி.க்கு அந்த முத்திரை இல்லை. ஆனால் உங்கள் பணத்துக்குக் கிடைக்கும் மேக்புக் ஏரில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், வைஃபை பிராட்காம் நிறுவனத்தின் கார்டாக இருக்கும். அதில் ஃப்ரீபி.எஸ்.டி.யைப் போட்டு வைஃபையை ஓடவைப்பதற்குள் ஆசையே விட்டுப்போகும்.

என் தேர்வு திங்க்பேட் டி460 அல்லது டி470. வேகத்துக்காக இல்லை. உலகம் முழுக்க ஃப்ரீபி.எஸ்.டி.காரர்கள் நிறையப் பேர் திங்க்பேட் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வரப்போகிற சிக்கல் ஏற்கெனவே ஒருவருக்கு வந்து, அவர் அதற்கு வழியும் எழுதிவைத்திருப்பார். இரண்டிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், பக்கவாட்டில் ஈதர்நெட் துளை. கடைசியில் எஸ் சேர்ந்த டி470எஸ் மெலிதாக அழகாக இருக்கும், ஆனால் ரேமில் ஒரு பகுதி போர்டோடு ஒட்டியது. டெல் லாட்டிட்யூட் இ5470, எச்.பி. எலைட்புக் 840 ஜி3 கிடைத்தாலும் சரி. எதுவானாலும் 8 ஜி.பி. ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். கட்டளை தட்டும் டெர்மினலுக்கு 4 ஜி.பி.யே அதிகம், பிரௌசர்தான் மென்று தின்றுவிடும்.

ஒரே மாடல் என்றாலும் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு ஒன்றாக இருக்காது. அந்த லாட்டிட்யூடிலேயே சிலவற்றில் இன்டெல், சிலவற்றில் குவால்காம். உங்களுக்கு வேண்டியது இன்டெல், 8260 அல்லது 8265. அதனால் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காதீர்கள். கோஸ்ட்பி.எஸ்.டி.யை ஒரு பென்டிரைவில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஃப்ரீபி.எஸ்.டி.யின் மேல் கட்டியது, இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓடும்.

கடையில் முதலில் பயோஸ், அதாவது விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் அமைப்புத் திரை. திங்க்பேடை ஆன் செய்ததும் எஃப்1 தட்டுங்கள். உள்ளே போய் செக்யூர் பூட்டை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். அணைக்காவிட்டால் ஃப்ரீபி.எஸ்.டி. பூட் ஆகாது. சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் அந்தப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குத்தகை முடிந்து வரும் கம்பெனி லேப்டாப்புகளில் இது சகஜம். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் லெனோவோ சொல்லும் வழி போர்டையே மாற்றுவதுதான். “அதெல்லாம் நாங்க விண்டோஸ் போட்டுத் தர்றோம் சார்” என்பார்கள். தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டியைக் கேளுங்கள்.

பயோஸ் திறந்தால், மறுபடி ஆன் செய்து எஃப்12 தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணைத்துப் பாருங்கள். பிறகு டெர்மினலில் ஏ.சி.பி.ஐ.கான்ஃப் கட்டளை, கூடவே ஐ என்ற சுவிட்ச், பேட்டரி எண் பூஜ்யம் (acpiconf -i 0). பேட்டரி பிறந்தபோது எவ்வளவு பிடித்தது, கடைசியாக முழு சார்ஜில் எவ்வளவு பிடித்தது, இரண்டையும் காட்டும். முதல் எண் 24,000, அடுத்தது 11,000 என்றால் பாதி உயிர்கூட இல்லை, விலையைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு ஒரு காரணம். டி470-இல் பேட்டரி இரண்டு, எண்ணை ஒன்று என்று மாற்றி அடுத்ததையும் பாருங்கள். அப்புறம் ஒரு எடிட்டரைத் திறந்து எல்லா விசையையும் ஒருமுறை அழுத்துங்கள், எஸ்கேப்பையும் கன்ட்ரோலையும் மறக்காமல். யூனிக்ஸின் பழைய எடிட்டரான வி.ஐ. பழகப்போகிறீர்கள், அந்த இரண்டும் இல்லாமல் பிழைப்பு ஓடாது. கடைக்காரர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸை உடனே அழிக்காதீர்கள். பயோஸ் அப்டேட் இருந்தால் அதிலிருந்தே போட்டுவிடுவது சுலபம். அதை முடித்துவிட்டு முழு டிஸ்க்கையும் ஃப்ரீபி.எஸ்.டி.க்குக் கொடுங்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கும் டூயல் பூட் வேண்டாம். எங்கேனும் மாட்டிக்கொண்டால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் (dmesg) கட்டளை தருவதை முழுதாக ஒட்டி எழுதுங்கள். “வைஃபை வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.