மின்துறை வளர்ந்தால் பங்குதாரருக்கும் இலாபம் வருமா?

கேள்வி: எனக்கு 48 வயது. வளரும் நாடுகள் பலவும் காற்றாலைகளையும் சூரிய மின்நிலையங்களையும் நம்பியே தங்கள் மின்துறையை விரிவுபடுத்துகின்றன. ஆகவே என் சேமிப்பில் பாதியை இத்துறையின் இரண்டு நிறுவனப் பங்குகளில் போட எண்ணுகிறேன். இது சரியா?

பதில்: பாதிச் சேமிப்பை இரண்டே பங்குகளில் போடுவதை என்னால் ஆதரிக்க முடியாது. மின் தேவை பெருகும் என்ற உங்கள் கணிப்பில் தவறில்லை. ஆனால் ஒரு நாட்டின் மின்துறை வளர்வதும், அங்கே மின்நிலையம் கட்டியவர் இலாபம் பார்ப்பதும் ஒன்றல்ல. காற்றையும் வெயிலையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால், இத்தொழிலில் செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே, அதுவும் பெரும்பாலும் கடனாக, வந்துவிடுகிறது. வரவோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் யூனிட் யூனிட்டாகத்தான் வந்து சேரும். ஆகவே மின்சாரத்தை வாங்குபவர் யார், அவர் உரிய காலத்தில் பணம் தருகிறாரா, அதை எடுத்துச் செல்ல மின்தடம் இருக்கிறதா என்பவற்றையே நான் முதலில் பார்ப்பேன்.

கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரிக்கு அருகில், மொத்தம் 310 மெகாவாட் திறனுள்ள 365 காற்றாலைகள் 2017-இல் தயாராக நின்றன. அங்கிருந்து மின்சாரத்தைக் கொண்டுவர வேண்டிய, நானூறு கிலோமீட்டருக்கும் நீளமான மின்தடத்தை அமைத்துவந்த ஒப்பந்ததாரர் நொடித்துப்போனதால், 2018 செப்டம்பரில்தான் இணைப்பு கிடைத்தது. அதுவரை காற்று வீசியும் விற்பனை இல்லை. ஒப்பந்தத்தில் தாமத இழப்பீட்டு விதி இருந்ததால் நிறுவனம் தப்பியது. சுமை அரசின் தலையிலும், அதன் வழியாக மின் நுகர்வோர் தலையிலும் விழுந்தது. அப்படியொரு விதி இல்லாத நிறுவனத்தின் பங்கு உங்கள் கையில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரசு கொடுத்த உறுதியும் மாறலாம். 2007-இல் சூரிய மின்சாரத்துக்குத் தாராளமான விலையை அறிவித்த ஸ்பெயின், மக்களிடம் வசூலான கட்டணம் செலவுக்குப் போதாமல் பற்றாக்குறை பெருகியபோது, ஏற்கெனவே இயங்கிவந்த நிலையங்களுக்கும் சேர்த்தே 2010 முதல் சலுகையைக் குறைத்து, 2013-இல் அந்த முறையையே கைவிட்டது. அமெரிக்கச் சூரிய மின் நிறுவனமான சன்எடிசனோ, உலகெங்கும் சூரிய மின்சாரம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த 2016-இல், கடன் வாங்கி மற்ற நிறுவனங்களையும் நிலையங்களையும் வாங்கிக் குவித்ததன் சுமை தாளாமல் திவால் மனு தாக்கல் செய்தது.

நீங்கள் தேர்ந்தெடுத்த இரு நிறுவனங்களின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளையும் எடுத்து, வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகையை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். விற்பனை 100, பாக்கி 50 என்றால் விடை ஏறக்குறைய 183 நாள். அதாவது விற்ற மின்சாரத்துக்கு ஆறு மாதம் கழித்தே பணம் வருகிறது, ஆனால் கடனுக்கான வட்டி அதுவரை காத்திருக்காது. இந்த நாள்கணக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதென்றால், இலாபக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பங்கைத் தொடாதீர்கள்.

இந்தச் சோதனையில் தேறினாலும், இத்துறைக்கு உங்கள் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதையும் மின் உற்பத்தி, மின்தடம், உபகரணம் ஆகிய மூன்றிலும் முதலீடு செய்யும் பரஸ்பர நிதி வழியாக, குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தைக் கொண்டு, மாதத் தவணையாகச் செய்யுங்கள்.